கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பாதுகாப்பாக்குதல்: உயிரினங்களையும் வரலாற்று நிலத்தையும் காத்தபடியே – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாது தீர்ந்தோ விலை வீழ்ந்தோ வேலை நின்றுபோன சுரங்கங்கள் உலகின் பல பகுதிகளில் திறந்த வாயோடு கிடக்கின்றன. அவற்றை மூடுவது தொடர்பாகப் பொதுமக்களும் ஊராட்சியினரும் இயற்கை ஆர்வலர்களும் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இவை.

கைவிடப்பட்ட சுரங்கம் என்று எதைச் சொல்கிறோம்?

தோண்டும் பணி நின்றுபோய், பராமரிக்கும் பொறுப்பையும் யாரும் ஏற்காமல் விடப்பட்ட சுரங்கத்தையே அப்படிச் சொல்கிறோம். பெரும்பாலும் உரிமையாளர் இறந்திருப்பார் அல்லது நிறுவனம் கலைக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தில் ஒரே ஒரு குழிதான் இருக்கும் என்று எண்ணக் கூடாது. மனிதரும் தாதுவும் ஏறி இறங்கிய செங்குத்துக் குழி, அதாவது தொழிலாளர்கள் ‘ஷாஃப்ட்’ என்று சொல்வது, மலைச்சரிவிலிருந்து கிடைமட்டமாக உள்ளே செல்லும் சுரங்கவழி, காற்றுக்காகத் தோண்டிய சிறு துளைகள், மேலே குவிந்த கழிவு மேடுகள், இடிந்த கட்டடங்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்ததுதான் ஒரு சுரங்கம். மூடும் பணியில் நேரும் தவறுகளில் பாதி, இவற்றை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனி ஓட்டைகளாகப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறது என்பது எங்கள் கருத்து.

உள்ளே போனால் அப்படி என்னதான் ஆபத்து? கவனமாக இருந்தால் போதாதா?

போதாது. சுரங்கத்தில் உயிரைப் பறிப்பவற்றுள் பல கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலாவது காற்று. வெளியில் நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. காற்றோட்டமற்ற சுரங்கத்தில் உளுத்த மரமும் துருப்பிடிக்கும் கனிமங்களும் அந்த ஆக்சிஜனை மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. எஞ்சுவது நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த, மணமும் நிறமும் இல்லாத காற்று. மூச்சுத் திணறலை உணர்வதற்கு முன்பே மயக்கம் வந்துவிடலாம். நிலக்கரிச் சுரங்கமாயின் மீத்தேனும் சேரும். காற்றில் அதன் அளவு 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. வெளியே வளிமண்டல அழுத்தம் குறையும்போது சுரங்கம் மூச்சு விடுவதுபோல் உள்காற்றை வாய்ப்பக்கம் தள்ளுகிறது. ஆகவே நேற்று நலமாகப் போய்வந்த இடம் புயலுக்கு முந்திய நாளில் கொல்லக்கூடும்.

இரண்டாவது தரை. கிடைமட்டமான வழியில் நடக்கும்போது காலடியில் இருப்பது பாறையா, கீழ்த்தளத்துக்கு இறங்கும் குழியின்மேல் என்றோ போட்டு இன்று புழுதி மூடிய உளுத்த பலகையா என்பது தெரியாது. செங்குத்துக் குழியின் விளிம்பும் அத்தகையதே. மேலே புல் வளர்ந்து உறுதியாகத் தோன்றும் மண், உள்பக்கம் சரிந்து வெறும் விதானமாக நின்றுகொண்டிருக்கும். எட்டிப் பார்க்கப் போனவர்கள் விழுவது இப்படித்தான்.

இவற்றோடு, பழைய வெடிமருந்துக் குச்சிகளில் நைட்ரோகிளிசரின் கசிந்து வெளியே வந்திருக்கலாம். அசைத்தாலே வெடிக்கும் நிலையில் அவை பெட்டியோடு கிடப்பதுண்டு. நீர் நிறைந்த திறந்தவெளிக் குழிகளில் மேல்நீர் வெதுவெதுப்பாகவும் சற்றுக் கீழே உடலை விறைக்கச் செய்யும் குளிராகவும் இருக்கும்; கரை செங்குத்தாக இருப்பதால் ஏறவும் முடியாது.

வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைத்தால் ஆகாதா?

தற்காலிகமாக ஆகும், பல இடங்களில் முதல் நாளே செய்யவேண்டிய வேலையும் அதுதான். ஆனால் வேலி அறுபடும், பலகை களவுபோகும், சிலருக்கு எச்சரிக்கையே அழைப்பாகவும் ஆகிவிடும். முள்கம்பி வேலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்: ஆஸ்திரேலியாவின் பேய் வௌவால் போன்ற தாழப் பறக்கும் இனங்கள் அதில் சிக்கி இறக்கின்றன. சுரங்கவாயின் அருகே வேலி அமைப்பதாயின் முள் இல்லாத கம்பியே தக்கது.

இயந்திரத்தைக் கொண்டுவந்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமே?

முடிந்துவிடும், சில இடங்களில் அதுவே சரியான விடையும்கூட. ஆழம் குறைந்த, உயிரினம் ஏதும் தங்காத, வரலாற்று மதிப்பில்லாத, நீர் கசியாத ஒரு குழியை அதே சுரங்கத்தின் கழிவுக் கல்லைக்கொண்டே நிரப்புவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த நான்கையும் ஆராய்ந்து உறுதிசெய்த பிறகே அதைச் சொல்ல முடியும். ஆராயாமல் மூடினால் உள்ளே உறங்கும் வௌவால் கூட்டம் உயிரோடு புதையும். நீர் வெளியேறும் வழி அடைபட்டு மலையின் வேறு பக்கத்தில் பீறிடும். மண் நாளடைவில் அமுங்கி அதே இடத்தில் மீண்டும் பள்ளம் விழும். மண் தள்ளுவது செலவு குறைந்த முறைதான். தவறாகிப்போனால் திருத்த முடியாத முறையும் அதுவே.

வௌவால்கள் ஏன் சுரங்கங்களைத் தேடி வருகின்றன?

அவற்றின் பழைய இருப்பிடங்களை நாம் எடுத்துக்கொண்டதால்தான். குகைகள் சுற்றுலா இடங்களாயின. பொந்துள்ள முதுமரங்கள் வெட்டப்பட்டன. மனிதர் விட்டுப்போன சுரங்கங்களோ இருளும் ஈரமும் நிலையான வெப்பநிலையும் கொண்டவை. ஆழமான சுரங்கத்தின் உள்வெப்பம் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டி ஏறக்குறைய மாறாமல் நிற்கும். குளிர்கால உறக்கத்துக்குக் குளிர்ந்த மூலையும் குட்டி வளர்க்க வெதுவெதுப்பான விதானமும் ஒரே சுரங்கத்தின் வெவ்வேறு பகுதிகளில் கிடைப்பதுண்டு.

ஒரு கூட்டம் அழிந்தால் எளிதில் மீளாது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். எலிக்குச் சமமான உடல் இருந்தும் வௌவால் எலியைப்போல் பெருகுவதில்லை. பெரும்பாலான இனங்களில் ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒரே குட்டி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் ஊரிலுள்ள மில்லி என்னும் பழைய இரும்புச் சுரங்கத்தை மூடவிருந்த நேரத்தில், அதில் பல்லாயிரக்கணக்கான வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிப்பது தெரியவந்தது. குழியை நிரப்பும் எண்ணம் கைவிடப்பட்டு, வௌவால்கள் நுழையும் இடைவெளியுள்ள இரும்புக் கூண்டு அதன்மேல் அமைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் பைன் கிரீக் அருகேயுள்ள ஒரு பழைய தங்கச் சுரங்கவழி, பேய் வௌவாலின் மிகப்பெரிய கூட்டங்களுள் ஒன்றுக்கு உறைவிடம்.

வௌவால் இருக்கிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? பகலில் எட்டிப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. கோடையில் வெறிச்சோடிக் கிடக்கும் சுரங்கம் குளிர்காலத்தில் நிறைந்திருக்கலாம். இலையுதிர் காலத்தில் இணைசேர மட்டும் சில வாரங்கள் வந்துபோகும் இனங்களும் உண்டு. ஆகவே ஒரு முறை பார்த்து ‘இல்லை’ என்று எழுதித் தருவது ஆய்வு ஆகாது. குறைந்தது கோடையிலும் குளிர்காலத்திலுமாகப் பார்க்கவேண்டும். அந்தி நேரத்தில் வாயிலின் வெளியே அகச்சிவப்பு ஒளிப்படக் கருவியோடு அமர்ந்து வெளியேறுபவற்றை எண்ணுவதும், அவற்றின் மீயொலியைப் பதிவுசெய்யும் கருவியை வைப்பதும் உள்ளே போகாமலே செய்யக்கூடியவை. தரையில் குவிந்த எச்சமும், தின்றுவிட்டு உதிர்த்த பூச்சிச் சிறகுகளும் நல்ல தடயங்கள்.

உள்ளே சென்று பார்க்கும் பணி, வாயு அளவிடும் கருவியும் பயிற்சியும் உடையவர்களுக்கு மட்டுமே உரியது. உறக்கத்திலிருக்கும் வௌவாலை ஒருமுறை எழுப்பினாலே, குளிர்காலம் முழுவதற்குமாகச் சேமித்த கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துவிடும். மேலும், 2006ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்துக் குகையொன்றில் முதன்முதலாகத் தென்பட்ட வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சை காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு இடம் மாறக்கூடியது. ஒரு சுரங்கத்தில் பயன்படுத்திய உடையையும் கயிற்றையும் தூய்மைப்படுத்தாமல் அடுத்ததில் நுழையக் கூடாது என்ற விதி அதனால்தான் வந்தது.

‘வௌவால் கதவு’ என்பது என்ன?

மனிதர் நுழைய முடியாத, வௌவால் தடையின்றிப் பறந்து செல்லக்கூடிய இரும்புக் கம்பிக் கதவு. கம்பிகள் கிடைமட்டமாக இருக்கவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. சிறகு விரித்துப் பறக்கும் உயிருக்கு அகலம்தான் தேவை, உயரம் அன்று. வட அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி இரு கம்பிகளுக்கு இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், துல்லியமாகச் சொன்னால் ஐந்தே முக்கால் அங்குலம், இடைவெளி விடப்படுகிறது. தாங்கும் செங்குத்துத் தூண்கள் இயன்றவரை தள்ளித் தள்ளி நிற்கவேண்டும். அறுக்க முயல்வோர் இருப்பார்கள் என்பதால் தடித்த கோண இரும்போ கடின எஃகோ பயன்படும். கண்காணிக்கச் செல்வோருக்காக ஒரு கம்பி மட்டும் பூட்டோடு கழற்றக்கூடியதாக விடப்படும். செங்குத்துக் குழியாயின், தட்டையான கம்பி மூடியைவிட மேலெழும்பிய கூண்டு நல்லது; வௌவால் அதன் பக்கவாட்டில் புகுந்து வெளியேறும்.

கதவைப் பொருத்தும் இடமும் முக்கியம். வழி மிகவும் குறுகிய இடத்தில் பொருத்தினால் காற்றோட்டம் தடைபட்டு உள்வெப்பம் மாறும். வாயிலுக்கு வெளியே பொருத்தினால், கம்பிகளின் முன் தயங்கி வேகம் குறைக்கும் வௌவாலுக்காக ஆந்தையும் பூனையும் காத்திருக்கும்.

எல்லா வௌவால் இனங்களும் இந்தக் கதவை ஏற்றுக்கொள்கின்றனவா?

இல்லை. லட்சக்கணக்கில் ஒரே ஓட்டமாக வெளியேறும் மெக்சிகோ தொங்குவால் வௌவால் போன்ற வேகப் பறப்பாளிகள் கதவைக் கண்டால் இடத்தையே விட்டுவிடலாம். குட்டி ஈனும் பெருங்கூட்டங்களுக்கும் முழுக் கதவு இடையூறாகலாம். அங்கே வாயிலின் மேற்பகுதியைத் திறந்துவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் அடைப்பதோ, வாயைத் தொடாமல் தொலைவில் உயர்ந்த வேலி இடுவதோ வழி. சந்தேகமிருந்தால் மலிவான பிளாஸ்டிக் குழாய்களால் ஒரு போலிக் கதவைச் சில வாரங்கள் கட்டிப் பார்த்துவிட்டு, பிறகு இரும்பை வாங்கலாம்.

மூடியே தீரவேண்டிய சுரங்கத்தில் வௌவால் இருந்தால்?

முதலில் அவற்றை வெளியேறச் செய்யவேண்டும். குளிர்கால உறக்கத்திலோ பறக்கவியலாத குட்டிகள் இருக்கும் காலத்திலோ இதைத் தொடவே கூடாது. மற்றக் காலங்களில், இரவில் அவை இரைதேடச் சென்றபின், ஓர் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வாயிலில் கட்டுவார்கள். உள்ளே மிஞ்சியவை அதன் வழியாக ஊர்ந்து வெளியேறும், வெளியே இருப்பவை மீண்டும் நுழையத் தயங்கும். பல இரவுகள் தொடர்ந்து கண்காணித்து ஒன்றும் இல்லை என்று உறுதியான பின்னரே நிரப்பும் பணி தொடங்கவேண்டும்.

ஆளில்லாத ஒரு சிறு காற்றுத்துளையை மூடுவதற்கும் இத்தனை ஆய்வா?

ஆம்; இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்லவேண்டியுள்ளது. உயரத்தில் ஒரு துளையும் தாழ்வில் ஒரு வாயும் உள்ள சுரங்கம் புகைபோக்கியைப்போல் இயங்கும். குளிர்காலத்தில் உள்ளே வெளியைவிட வெதுவெதுப்பான காற்று மேல்துளை வழியே எழ, தாழ்ந்த வாய் குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கும். கோடையில் திசை மாறும். தாழ்ந்த வாயின் அருகே வௌவால்கள் உறங்குவதற்கு ஏற்ற குளிர்ச்சியைத் தருவது, யாரும் பொருட்படுத்தாத அந்த மேல்துளைதான். அதில் ஒரு வௌவால்கூட இல்லை என்று கண்டு அதை அடைத்துவிட்டு, கீழே அழகான வௌவால் கதவு போட்டாலும், அடுத்த குளிர்காலத்தில் வெப்பம் ஏறிக் கூட்டம் வெளியேறிவிடக்கூடும். மீத்தேன் கசியும் சுரங்கமாயின் அதே துளை வாயுவின் போக்கிடமாகவும் இருந்திருக்கும். அடைத்தபின் அது எந்த வீட்டின் அடித்தளத்தில் எழும் என்பதைச் சொல்ல இயலாது.

வௌவாலைத் தவிர வேறு உயிரினங்கள் உண்டா?

நிறைய உண்டு. கூகையும் தகைவிலானும் வாயிலருகே கூடு கட்டும். பாலைவன ஆமைகள் வெயிலுக்கு ஒதுங்கச் சுரங்கவழிகளை நாடும். ஈரமான உட்பகுதியில் பல்லி வடிவ நீர்நில உயிர்களான சாலமாண்டர்கள் வாழும். ஆமை போகவரக் கதவின் அடியில் தனி இடைவெளி விடுவது வழக்கம். ஆனால் செங்குத்துக் குழியின் விளிம்பில் அந்த இடைவெளியே ஆமையைக் குழியில் தள்ளும் பொறியாகிவிடும்.

வெறுமையாகக் கிடக்கும் கழிவு மேட்டில் நல்ல மண் பரப்பி மரம் நட்டால் இயற்கைக்கு நன்மைதானே?

எப்போதும் அல்ல. நச்சுத் தூசி ஊருக்குள் பறக்கும் இடங்களில் மூடியே ஆகவேண்டும்; மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டப்பட்டு 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில், தாதுவைச் சயனைடில் கரைத்தபின் குவிந்த மேடுகளின் அருகே வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சரியக்கூடிய மேடுகளில் தாமதத்துக்கே இடமில்லை. வேல்சின் அபர்ஃபானில் 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளியை மூடியதில் இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள்.

ஆனால் உறுதியாக நிற்கும் பழைய ஈய, துத்தநாகக் கழிவு மேடுகளில், வேறு எங்கும் எளிதில் வளராத செடிகள் குடியேறியிருப்பதுண்டு. பெல்ஜியம், ஜெர்மனி எல்லைப்பகுதியில் பூக்கும் மஞ்சள் நிறத் துத்தநாக வயோலா அத்தகையது. உலோக நச்சு மிகுந்த மண்ணில் மற்றச் செடிகள் வாடிப்போவதால்தான் இதற்கு இடம் கிடைக்கிறது. அதன்மேல் வளமான மண்ணைக் கொட்டினால் சாதாரணப் புல் செழித்து, அரிய செடி இரண்டொரு பருவத்தில் மறைந்துவிடும். பச்சையாகத் தெரிவதெல்லாம் மீட்பு என்ற எண்ணத்தைச் சுரங்க நிலங்களில் சற்று ஒதுக்கிவைக்கவேண்டும்.

இடிந்த சுவரும் துருப்பிடித்த இரும்பும் வரலாறா?

எழுதப்படாத வரலாறு. சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய ஏடுகள் குறைவு. அவர்கள் உளியால் செதுக்கிய சுவரும், மெழுகுவர்த்திக் கரியால் எழுதிவைத்த பெயர்களும், தண்டவாளமும், ஏணிப்படியும்தான் எஞ்சியவை. சில இடங்களில் முழு நிலமே ஆவணம். ஸ்பெயினின் லாஸ் மெதுலாசில் ரோமானியர் தண்ணீரின் வேகத்தால் மலையை இடித்துப் பொன் எடுத்தார்கள். அன்று ஏற்பட்ட அந்த அழிவின் சிவந்த முகடுகளே 1997 முதல் உலகப் பாரம்பரியக் களம். கார்ன்வால், மேற்கு டெவன் பகுதியின் செப்பு, வெள்ளீயச் சுரங்க நிலம் 2006இலும், ஜப்பானின் இவாமி கின்சான் வெள்ளிச் சுரங்கம் 2007இலும் அதே பட்டியலில் சேர்ந்தன. சுவீடனின் ஃபாலுன் செப்புச் சுரங்கத்தில் 1687இல் பெருஞ்சரிவு நேர்ந்து மாபெரும் பள்ளம் உண்டானது. கோடை நடுநாள் விடுமுறையால் தொழிலாளர் எவரும் உள்ளே இல்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பியிருந்தால் இன்று பார்க்க ஒன்றுமிருக்காது. அங்குள்ள கழிவு மேடுகளிலிருந்து எடுத்த செந்நிறச் சாயம்தான் சுவீடனின் மரவீடுகளுக்கு அவற்றின் சிவப்பைத் தந்தது என்பதால், அங்கே குப்பையும் பண்பாட்டுச் சின்னம்தான்.

வரலாற்றுத் தோற்றம் கெடாமல் மூடுவது எப்படி?

வாயிலிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளிக் கதவைப் பொருத்தினால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய கல்வளைவும் மரச்சட்டமும் அப்படியே தெரியும். குழியைச் சுற்றி உள்ளூர்க் கல்லால் வட்ட மதில் எழுப்புவது கார்ன்வாலில் காணப்படும் முறை. அது அந்த நிலத்தோடு பொருந்திவிடுகிறது. எஃகு வலை, வேண்டாதபோது கழற்றக்கூடியது. காங்கிரீட் மூடி உறுதியானது, ஆனால் அதைத் தாங்கும் பாறைவரை விளிம்பைத் தோண்டவேண்டியிருப்பதால் பழைய கட்டுமானம் சிதையும்.

பாலியூரித்தேன் நுரையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இரு திரவங்களைக் கலந்து குழிக்குள் ஊற்றினால் பலமடங்கு பொங்கி இறுகும். இயந்திரம் ஏற முடியாத மலைகளுக்குத் தோளிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுசெல்லலாம். ஆனால் ஒரே முறையில் தடிமனாக ஊற்றினால் தன் வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடும். வெயில் பட்டால் உதிரும் என்பதால் மேலே மண் போடவேண்டும். பழைய மரச்சட்டத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவும் முடியாது. வரலாற்றுச் சுரங்கங்களில் பின்னாளில் அகற்றக்கூடிய முறைக்கே முதலிடம் தருவது நல்லது. எந்த முறையானாலும், பணிக்கு முன் அளந்து, வரைந்து, ஒளிப்படமெடுத்து வைப்பது கட்டாயம். சுற்றிலும் கிடக்கும் தகர டப்பாக்களையும் உடைந்த புட்டிகளையும் குப்பையென வாரிச் செல்லும் துப்புரவு ஆர்வம், தொல்லியலாளர் வருவதற்கு முன்பே பாதி ஆவணத்தை அழித்துவிடுகிறது.

சுரங்கத்திலிருந்து செந்நீர் வழிகிறது. வாயை அடைத்தால் நின்றுவிடுமா?

அடைப்பதற்கு முன் பத்து முறை எண்ணவேண்டிய இடம் இது. பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு காற்றையும் நீரையும் சந்திக்கும்போது கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகின்றன. இரும்பு வெளிக்காற்றில் காவியாகப் படியும், கூடவே காட்மியம், ஈயம், ஆர்சனிக் போன்றவையும் வரும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்தில் சுழியத்துக்கும் கீழான காரகாடித்தன்மை அளவு (pH; இது குறையக் குறைய அமிலம் கடுமையாகும்) பதிவாகியிருக்கிறது.

அடைத்த வாயின் பின்னால் நீர் உயர்ந்து அழுத்தம் பெருகும். கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்தில் 2015 ஆகஸ்ட் 5 அன்று வாயிலருகே தோண்டியபோது உள்ளே தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது, ஏறக்குறைய 1.1 கோடி லிட்டர் கழிவுநீர் கலந்து அனிமாஸ் ஆறு மஞ்சளாக ஓடியது. கார்ன்வாலின் வீல் ஜேன் வெள்ளீயச் சுரங்கத்தில் 1991இல் நீர் இறைப்பு நின்றபின், 1992 ஜனவரியில் நீர் வெளியேறி கழிமுகம்வரை காவி படர்ந்தது. ஆகவே நீர் வழியும் வாயை அடைக்காமல், வடிய விட்டு, சுண்ணாம்பால் அமிலத்தைச் சமன்செய்தோ, சுண்ணக்கல் ஓடை, செயற்கைச் சதுப்பு ஆகியவற்றின் வழியே செலுத்தியோ சுத்திகரிப்பதே பெரும்பாலும் நடைமுறை. இது ஒரு முறை செய்து முடிக்கும் வேலை அன்று. சில சுரங்கங்களில் தலைமுறைகளுக்கு நீளும்.

செலவை யார் ஏற்பது?

தோண்டியவர் இருந்தால் அவர். இல்லாத இடங்களில் பொதுப்பணமே. அமெரிக்கா 1977இல் இயற்றிய சட்டத்தின்படி, இன்று நிலக்கரி எடுக்கும் நிறுவனங்கள் டன்னுக்கு இவ்வளவு என்று செலுத்தும் கட்டணத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் சீரமைக்கப்படுகின்றன. 2021இல் அதற்குக் கூடுதலாக ஏறக்குறைய 1,130 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பொன், வெள்ளி, செம்புச் சுரங்கங்களுக்கு அங்கே அத்தகைய கட்டணம் இல்லை. அவற்றை 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே இன்னும் ஆள்கிறது.

மனிதப் பாதுகாப்பும் உயிரினமும் வரலாறும் மோதினால் எது முந்தும்?

மனித உயிர். அதில் ஐயமில்லை. ஆனால் அவசரம் என்ற சொல்லால் தவறான முறையை நியாயப்படுத்தவும் கூடாது. பள்ளிக்கு அருகே திறந்துகிடக்கும் குழிக்கு இன்றே வேலியும் காவலும் இட்டுவிட்டு, நான்கு பருவ ஆய்வையும் முடித்து, அடுத்த ஆண்டு நிரந்தர அமைப்பைச் செய்யலாம். அந்த இடைக்காலத்தைத் தரமறுக்கும் நிதியாண்டு நெருக்கடிதான், எங்கள் அனுபவத்தில், வௌவாலுக்கும் வரலாற்றுக்கும் பெரிய எதிரி.

மூடியபின் வேலை முடிந்ததா?

இல்லை. கம்பி அறுபட்டிருக்கிறதா, விளிம்பு சரிந்திருக்கிறதா, கூட்டத்தின் எண்ணிக்கை முன்போலவே உள்ளதா என்று ஆண்டுதோறும் பார்க்கவேண்டும். அறுபட்ட கதவு, கதவே இல்லாத வாயைவிட மோசமானது. யாரோ ஏற்கெனவே போய்வந்த இடம் என்ற நம்பிக்கையை அது தருகிறது.

நடைப்பயணத்தில் திறந்த சுரங்கவாய் ஒன்றைக் கண்டால் நான் என்ன செய்யவேண்டும்?

விளிம்பை நெருங்க வேண்டாம். கல்லெறிந்து ஆழம் பார்க்கவும் வேண்டாம். தொலைவிலிருந்தே ஒளிப்படமெடுத்து, கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, அப்பகுதியின் வன அலுவலகத்துக்கோ சுரங்கத் துறைக்கோ தெரிவியுங்கள். மாலையில் அந்த வாயிலிருந்து வௌவால் வெளியேறக் கண்டிருந்தால், எந்த மாதம், எத்தனை மணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யாரேனும் உள்ளே விழுந்திருந்தால் நீங்கள் இறங்கவே கூடாது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் காப்பாற்றப் போனவரே அடுத்து மயங்கி விழுவார். மீட்புப் படையை அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை மற்றவர்களை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.